பேப்பர் மில் கழிவுநீருக்கு மெம்பரேன் (வடிகட்டும் சவ்வு) போட்டால் சீக்கிரமே அடைத்துக்கொள்கிறதே, இது நமக்கு ஒத்துவருமா?

ஒத்துவரும். உங்களுடையது கழிவுத்தாளில் கிராஃப்ட் பேப்பர் (அட்டைப்பெட்டிக்கான பழுப்புத் தாள்) ஓட்டும் மில், விற்றவர்கள் மெம்பரேனை மாற்றச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மாற்றும் முன் அடைத்திருப்பது என்ன என்று பாருங்கள்.

ஈரோடு பக்கம் அப்படி ஒரு மில்லில் ஈடிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், என் பொறுப்பு. ஏரேஷனுக்கும் (காற்று ஊதும் தொட்டி) கிளாரிஃபையருக்கும் (வண்டல் படியவிடும் தொட்டி) பிறகு யூஎஃப் என்ற நுண்துளை மெம்பரேன் வைத்திருக்கிறோம். ஒரு கோடையில் பிரஷர் ஏறிக்கொண்டே போனது, தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. காஸ்டிக் சோடா, ஹைப்போ (குளோரின் மருந்து) போட்டுக் கழுவியும் பலனில்லை. சப்ளையர் ஆள் வந்து, "ஆயுள் முடிஞ்சுதுங்க, செட்டையே மாத்தீருங்க" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. காஸ்டிக்கும் ஹைப்போவும் ஸ்டார்ச்சையும் பாக்டீரியா வழவழப்பையும்தான் எடுக்கும், சுண்ணாம்பைத் தொடாது. ஏரேஷனில் காற்று ஊதும் டிஃப்யூசரில் வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சுரண்டி அமிலம் விட்டேன், நுரைத்துப் பொங்கியது, அப்படியென்றால் சுண்ணாம்புதான். சரி என்று யூஎஃபைச் சிட்ரிக் அமிலத்தில் கழுவினோம். பிரஷர் இறங்கிவிட்டது.

கழிவுத்தாளில் ஃபில்லராகவும் (தாளில் நிரப்பும் பொடி) கோட்டிங்காகவும் கால்சியம் கார்பனேட், அதாவது அந்தச் சுண்ணாம்பு, இருக்கிறது. பேக்வாட்டரை (மெஷினில் தாளிலிருந்து வடியும் தண்ணீர்) வெளியே விடாமல் சுற்றவிடும்போது, காற்றுப் படாமல் தேங்கும் தொட்டிகளில் பாக்டீரியா ஸ்டார்ச்சைத் தின்று அமிலத்தை விடும். அதில் கார்பனேட் கரைந்து ஈடிபிக்கு வருகிறது. ஏரேஷனில் அந்த அமிலம் தீர்ந்து, கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, பிஎச் ஏறும்போது மறுபடி கல்லாகிறது. அங்கே படியாதது மெம்பரேனில் போய்ப் படிகிறது. பேக்வாட்டர் தேங்குவதைக் குறைத்தோம். அப்புறம் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) போட்டு, யூஎஃபுக்கு முன்பே கால்சியத்தை வண்டலாக இறக்கினோம். அதே மெம்பரேன் இன்னும் ஓடுகிறது.

"ஆர்ஓ இல்லாமல் யூஎஃப் எதற்கு, திருப்பூரைப் பார்" என்று யாராவது வருவார்கள். சாயத்தண்ணீரில் பிரச்சினை உப்பு. யூஎஃப் துளை உப்பை நிறுத்தாது, அதனால் அங்கே ஆர்ஓவும் தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் வேண்டும். நொய்யலில் கழிவு கலப்பது நிற்காமல்தான் 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எங்களுக்கு மெஷினில் தண்ணீர் பீய்ச்சும் ஷவர் நாசில் அடைக்காத தண்ணீர் போதும், அதை யூஎஃப் தருகிறது. பாய்லருக்கு என்றால் ஆர்ஓ போடுங்கள், ஆனால் ஹைப்போ மிச்சம் அதற்குள் போகக் கூடாது. குளோரின் பட்டால் ஆர்ஓ மெம்பரேன் கெட்டுவிடும். கரும்புச்சக்கை, மரக்கூழ் மில்களில் தாவர நாரைப் பிணைக்கும் லிக்னின் வேறு வரும், நான் சொல்வதை அங்கே அப்படியே பொருத்த வேண்டாம்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மில்லில் உற்பத்தி போனஸ் மெஷின் ஹவுஸுக்கு மட்டும்தான். நாங்கள் தண்ணீரைத் திருப்பித் தராவிட்டால் எந்த மெஷின் ஓடும்? ஷிப்டில் ஆள் குறைந்தால் முதலில் ஈடிபி ஆளைத்தான் இழுக்கிறார்கள். ராத்திரியில் அவ்வளவு பெரிய டேங்கின் மேல் ஒற்றை ஆள் நடக்கிறான். டிப்ளமோ படித்துவிட்டு வரும் பையன்கள் இதனால்தான் நிற்பதில்லை.

உங்கள் பேக்வாட்டர் பிஎச், யூஎஃபுக்குள் போகும் தண்ணீரின் கால்சியம் இரண்டையும் கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.