ஆராய்ச்சிப் பேப்பரை வாசிச்சு விவாதிக்கிற ஜேர்னல் கிளப்ல பிள்ளைகள் வாயே திறக்கிறதில்லையா?

பேப்பர்ல முன்னால வர்ற சுருக்கத்தையும் (அப்ஸ்ட்ரக்ட்) முடிவுரையையும் எடுத்துட்டு, ஆய்வை எப்படி செஞ்சாங்கன்னு சொல்ற மெதட்ஸும் டேபிளும் மட்டும் குடுங்க, முடிவை அவங்களே எழுதட்டும். பதுளையில நீங்க நடத்துற கிளப்ல எல்லாரும் பேப்பரை வாசிச்சுட்டு பேசாம இருக்காங்கன்னா, பெரும்பாலும் எழுதினவங்க சொன்ன முடிவை முதல்லயே படிச்சிருப்பாங்க, அதுக்குப் பிறகு கேட்க என்ன இருக்கு?

ஒண்ணு செஞ்சு பாருங்க. மருந்து குடுத்த குரூப்ல 1%, மற்றதுல 2% பேருக்கு ஹார்ட் அட்டாக்னா, பேப்பர்ல 50% குறைஞ்சதுன்னு போடுவாங்க, அது பொய்யும் இல்ல, ஆனா ஒரு அட்டாக்கைத் தடுக்க 100 பேருக்கு மருந்து குடுக்கணும், இதை அவங்களே கணக்குப் போட்டு சொல்றாங்களான்னு பாருங்க. அப்புறம் ஒருநாள் சம்பளத்தை விட்டுட்டு கிளினிக் வர்ற தோட்டத்து அம்மாவுக்கு இது சரிவருமான்னு கேளுங்க, அங்கதான் சண்டையே தொடங்கும்.

பேப்பரை எடைபோட உதவுற கேள்விப் பட்டியல், காஸ்ப் (CASP) செக்லிஸ்ட், நல்லதுதான், ஆனா முதல் நாளே குடுத்துடாதீங்க, டிக் போட்டுட்டு எழும்பிப் போயிடுவாங்க.