3 ஓம் அருகே இறங்கும் ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்ளிஃபையர்?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். அண்மையில் ஒரு ஜோடி பெரிய ஸ்பீக்கர் வாங்கினேன். விவரத்தாளில் மின்தடை 4 ஓம், குறைந்தபட்சம் 3.2 ஓம், சென்சிடிவிட்டி (கொடுக்கும் வோல்ட்டுக்கு வரும் ஒலி அளவு) 2.83 வோல்ட்டுக்கு 86 டெசிபெல் என்று இருக்கிறது. தவிலையோ பஞ்சவாத்தியத்தையோ சற்று உரக்க வைத்தால், என்னிடம் உள்ள 80 வாட்ஸ் ஏ.வி. ரிசீவர் (ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபையர்) தானாகவே அணைந்துவிடுகிறது. கோயம்புத்தூர்க் கடையில் ‘300 வாட்ஸ்’ பவர் ஆம்ப்ளிஃபையர் ஒன்றையும், கொச்சிக் கடையில் அதைவிட விலை கூடிய ‘100 வாட்ஸ்’ ஒன்றையும் காட்டுகிறார்கள். எதை வாங்கலாம்? வேறு மாநிலக் கடை என்றால் பின்னால் புகார் செய்ய முடியுமா?

பதில்: உங்கள் ரிசீவருக்குக் குறைவது வாட்ஸ் அன்று, கரண்ட். அதன் பின்புறம் ஸ்பீக்கர் வயர் மாட்டும் இடத்தருகே பாருங்கள். ‘6 – 16 ஓம்’ என்பதுபோல் ஏதேனும் அச்சிட்டிருப்பார்கள். 8 ஓமில் 80 வாட்ஸ் என்றால் வெளிவருவது ஏறத்தாழ 25 வோல்ட். அதே 25 வோல்ட்டை உங்கள் ஸ்பீக்கரின் 3.2 ஓமில் கொடுக்கும்போது 8 ஆம்பியர் வரை இழுக்கும். ஏழு சேனலுக்கும் சேர்த்து ஒரே டிரான்ஸ்ஃபார்மரை வைத்திருக்கும் ரிசீவர், தவிலின் தொப்பியில் குச்சி விழும் அந்த நொடியில் இதைத் தாங்க முடியாமல் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. அணைவதும் நல்லதுதான், அணையாமல் ஒலியின் முனை வெட்டுப்பட்டுக்கொண்டே போயிருந்தால் முதலில் டுவீட்டர் (கீச்சொலிக்கான சிறு ஸ்பீக்கர்) கருகியிருக்கும்.

இனி உங்களுக்கு எவ்வளவு தேவை என்று பார்ப்போம். சாதாரண அளவுள்ள கூடத்தில் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து 2.83 வோல்ட்டில் சுமார் 82 டெசிபெல் கொடுக்கும். பஞ்சவாத்தியத்தில் திமிலையும் மத்தளமும் உச்சத்துக்கு ஏறும்போது அதற்கு மேல் 20 டெசிபெல் எளிதில் தேவைப்படும். 20 டெசிபெல் என்றால் பத்து மடங்கு வோல்டேஜ், அதாவது 28 வோல்ட். 8 ஓமில் அது 100 வாட்ஸ்; 4 ஓமில் 200; 3.2 ஓமில் 250. ஆகவே கொச்சிக்காரர் காட்டும் 100 வாட்ஸ் உங்கள் ரிசீவரைவிட அதிகமாக முழங்காது. ஆனால் ரிசீவர் விழும் இடத்தில் அது விழாமல் நிற்க வேண்டும். நிற்குமா என்பதை, 4 ஓமில் அது எத்தனை வாட்ஸ் தரும் என்ற கணக்குத்தான் சொல்லும். அங்கே 180, 200 என்று இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். 120 என்றோ, ஒன்றுமே குறிப்பிடாமலோ இருந்தால் வேண்டாம்.

கோயம்புத்தூர் 300 வாட்ஸ் எத்தனை ஓமில், எவ்வளவு டிஸ்டார்ஷனில் (ஒலித் திரிபில்), இரண்டு சேனலும் ஒருசேர ஓடும்போதா என்று கேளுங்கள். 4 ஓமில், 10 சதவீத டிஸ்டார்ஷனில், 1 கிலோஹெர்ட்ஸில் மட்டும் அளந்த 300 என்றால் அது விளம்பரக் கணக்கு. 8 ஓமிலேயே 300-ம் 4 ஓமில் 500-க்கு மேலும் முழு அலைவரிசையில் தருமானால் அதுவே மேல். ஆனாலும் 100-லிருந்து 300-க்குப் போவதால் கூடும் ஒலி 5 டெசிபெல் கூட இல்லை. கடைக்காரர்கள் இதை ஏனோ சொல்வதேயில்லை.

கிளாஸ் டி (மின்சாரத்தை அதிவேகமாக ஆன்-ஆஃப் செய்து இயங்கும்) வகை ஆம்ப்ளிஃபையரை ஒதுக்க வேண்டாம். பாலக்காட்டுச் சித்திரை வெயிலில் சூடு குறைவாக இருப்பது பெரிய சௌகரியம். ஸ்பீக்கரின் ஓம் ஏறி இறங்குவதற்கேற்ப ட்ரெபிள் மாறும் குறை பழைய மாடல்களில் உண்டு. புதிய நல்ல மாடல்களில் பெரும்பாலும் இல்லை.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: உங்கள் ரிசீவரில் ‘ப்ரீ அவுட்’ சாக்கெட் (வெளி ஆம்ப்ளிஃபையருக்குச் சிக்னல் தரும் துளை) இருக்கிறதா? இல்லையென்றால் பவர் ஆம்ப்ளிஃபையரை அதனுடன் முறையாக இணைக்க வழியில்லை. ஒலிக் கட்டுப்பாடும் பவர் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில் உள்ள இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபையர்தான் வாங்க வேண்டும்.

மாநில எல்லை உங்களைக் கட்டுப்படுத்தாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். உங்களுக்கு அது பாலக்காடு. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் முறையிடலாம். ஜி.எஸ்.டி. பில்லில் மாடலும் சீரியல் எண்ணும் இருக்கட்டும்; ‘4 ஓமில் 200 வாட்ஸ்’ என்று கடைக்காரர் வாயால் சொன்னதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் மலிவாக ஆம்ப்ளிஃபையர் வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். செங்கோட்டையில் அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: அங்கே 120 வோல்ட், இங்கே 230. வோல்டேஜ் மாற்றும் வசதி அதில் இல்லையென்றால் நேரடியாகச் செருகவே கூடாது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். ஆனால் பவர் ஆம்ப்ளிஃபையர் இழுக்கும் கரண்ட்டுக்கு ஈடுகொடுப்பதாக வாங்கினால் கனமும் விலையும் கூடும். சுங்க வரியும் சேரும்; வாரண்டியும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு சரி. மைத்துனரிடம் வேறு ஏதாவது கேளுங்கள்.