அந்த நீல நோட்டை எப்படி மூட வைப்பது?

கேள்வி: அக்கா, நான் சிங்கப்பூரில் ஓர் அரசாங்க அமைப்பில் கவுண்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். என்னிடம் 11 பேர். ஏப்ரலில் புதிய கணினி முறை வந்தது. பயிற்சி கொடுத்தாயிற்று, நல்ல யோசனை சொன்னால் பரிசுப் பற்றுச்சீட்டு என்றும் அறிவித்தாயிற்று. ஆனாலும் மூத்தவர்கள் எல்லாவற்றையும் ஒரு நீல நோட்டில் எழுதிவிட்டு அப்புறம்தான் கணினியில் ஏற்றுகிறார்கள். யோசனைப் பெட்டியில் மூன்றே மூன்று சீட்டு. இவர்களுக்கு எப்படி ஆர்வம் வரவைப்பது? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: ஆர்வம் இருக்கட்டும், முதலில் அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள். பறிமுதல் செய்வதற்கு இல்லை, உட்கார்ந்து படிப்பதற்கு.

நான் 29 வருஷம் கவுண்டரிலும் அதன் பின்னாலும் இருந்தவள். எங்கள் பிரிவில் ஒரு மலாய் கக்கா, அதாவது அக்கா, இப்படித்தான் நோட்டு வைத்திருந்தார், எல்லாரும் அவரைக் குறை சொல்வோம். ஒருநாள் அவர் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்ததால் அவர் இடத்தில் நான் உட்கார்ந்தேன், நோட்டைத் திறந்தேன். ஒவ்வொரு வரியிலும் வரிசை எண், பெயர், அப்புறம் ஓரத்தில் சின்னச் சின்னக் குறி. வட்டம் போட்டிருந்தால் மகனோடு வருவார், முக்கோணம் என்றால் காது மந்தம், சத்தமாகப் பேச வேண்டும், சிவப்பு மையில் இருந்தால் நாம் அனுப்பிய ஆங்கிலக் கடிதம் அவருக்குப் புரியவில்லை, அடுத்த முறை ஹொக்கியன் சீனம் தெரிந்தவரிடம் அனுப்ப வேண்டும். எங்கள் புதுக் கணினியில் இதற்கெல்லாம் இடமே கிடையாது, முடிந்தது, முடியவில்லை என்று இரண்டே கட்டம்தான். குறிப்பு எழுத ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்டு, அது வந்துசேர நான்கு மாதம் ஆயிற்று. வந்த வாரத்திலேயே கக்கா நோட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். யாரும் அவரை எதுவும் சொல்லவில்லை.

உங்கள் 11 பேரும் மாற்றத்தை வெறுக்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. அந்த நோட்டில் இருக்கும் ஏதோ ஒன்று உங்கள் கணினியில் இல்லை, அதைக் கண்டுபிடியுங்கள். ஆனால் சீக்கிரம் செய்யுங்கள், ஏனென்றால் மக்களின் சொந்த விவரங்கள் மேசை மேல் கிடக்கும் நோட்டில் இருப்பது இந்தக் காலத்துக்குச் சரிப்படாது.

யோசனைப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். இது இன்று நேற்று வந்ததில்லை. வேலை மேம்பாட்டுக் குழுக்கள், விட்ஸ் என்போமே, அவை நம் அரசாங்கச் சேவைக்குள் வந்தது 1981இல். அப்புறம் 1995 மே மாதம் பிஎஸ்21, அதாவது 21ஆம் நூற்றாண்டுக்கான பொதுச் சேவை, என்ற இயக்கம் தொடங்கியது. மூத்த அரசாங்க அதிகாரி லிம் சியோங் குவான் முன்னின்று நடத்தினார். மாற்றம் மேலிடத்திலிருந்து மட்டும் இறங்கி வராமல், கடைநிலை ஊழியரும் தன் வேலையைத் தானே சீர்செய்ய யோசிக்க வேண்டும் என்பதே அதன் உயிர். அந்த நோக்கத்தை நான் இன்றும் மனதார மதிக்கிறேன். ஆனால் நான் இருந்த பிரிவில் அது ஆளுக்கு இத்தனை யோசனை என்ற கணக்காகிவிட்டது, டிசம்பர் வந்தால் கணக்கை நிரப்புவதற்காக எழுதித் தள்ளினோம்.

அதைவிட வலித்தது ஒன்று உண்டு. ஒரே விண்ணப்பத்தில் முகவரியை மூன்று இடத்தில் கேட்கிறோம், வயதானவர்கள் கை வலிக்க எழுதுகிறார்கள், ஒன்றாக்கலாமே என்று எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. அடுத்த வருஷமும் கொடுத்தேன், பதில் இல்லை. மூன்றாவது வருஷம் நான் எழுதவே இல்லை. பிறகு வந்த மேலதிகாரி பழைய கோப்பைப் புரட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். “இரண்டாவது பக்கத்தில் எடுக்க முடியாது, அதைச் சட்டம் கேட்கிறது, மூன்றாவது பக்கத்தில் எடுத்துவிடலாம்” என்றார். பாதிக்கு முடியாது என்ற பதில்தான். ஆனால் அன்று எனக்கு வந்த தெம்பை எந்தப் பற்றுச்சீட்டும் தந்ததில்லை. அந்த வருஷம் மட்டும் ஏழு யோசனை கொடுத்தேன்.

அதனால் அந்த மூன்று சீட்டுக்கும் இந்த வாரமே, நேரில், காரணத்தோடு பதில் சொல்லுங்கள். முடியாது என்றாலும் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: புது வேலை கொடுத்தபோது எந்தப் பழைய வேலையை எடுத்தீர்கள்? கணினி வந்த பிறகும் மாதாந்திர அறிக்கையைப் பழைய பாணியில் கேட்பது பல இடங்களில் மேலாளர்தான். அதற்காகவே அவர்கள் இரட்டை வேலை செய்கிறார்களோ என்னவோ, பாருங்கள். புது முறை செய்பவருடைய கையிலிருந்து ஒரு தொல்லையை எடுக்க வேண்டும், அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே ஊக்கமருந்து. கார்நிறுத்தக் கட்டணத்துக்கான காகிதக் கூப்பன் ஞாபகம் இருக்கிறதா? காரில் உட்கார்ந்துகொண்டு மாதம், தேதி, மணி, நிமிஷம் என்று ஒவ்வொரு தாவலாகக் கிழிக்க வேண்டும், கிழித்த துணுக்கெல்லாம் இருக்கையில் சிதறும், கூட்டம் நீண்டுவிட்டால் இன்னொரு கூப்பன் வைக்க மூச்சிரைக்கக் கீழே ஓட வேண்டும். 2017 அக்டோபரில் பார்க்கிங்.எஸ்ஜி செயலி வந்தது. நிமிஷக் கணக்கில் கட்டணம், இருந்த இடத்திலிருந்தே நேரத்தை நீட்டிக்கலாம், சீக்கிரம் கிளம்பினால் மீதிக் காசு திரும்ப வரும். யாரும் யாருக்கும் சொற்பொழிவு ஆற்றத் தேவைப்படவில்லை, ஆட்கள் தாங்களாகவே மாறினார்கள். கூப்பனையும் அன்றே நிறுத்திவிடவில்லை, பழகாதவர்களுக்கு அவகாசம் இருந்தது. உங்கள் ஆட்களுக்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டும், ஆனால் தேதி குறித்துக் கொடுங்கள்.

கேள்வி: வயது 27, வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். எந்த யோசனை சொன்னாலும் என் மேலதிகாரி “இதெல்லாம் 2009இலேயே செய்து பார்த்தாயிற்று” என்கிறார். வேலையை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. (வாசகர், பொங்கோல்)

பதில்: தம்பி, அவசரப்படாதீர்கள். 2009இல் என்ன செய்தார்கள், ஏன் நின்றது என்று உண்மையான அக்கறையோடு அவரிடமே கேளுங்கள். ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்துக் கேட்டால் இன்னும் நல்லது. அந்தத் தோல்வியின் கதை அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. அன்று முடியாதது இன்று முடியும் என்பதற்கு நம்மிடையே சான்று உண்டு: அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழைய உதவும் சிங்பாஸ் 2003இல் வந்தபோது அது வெறும் கடவுச்சொல், கைப்பேசிச் செயலியாக வந்தது 2018இல். இடையில் மாறியது மக்களின் கையில் இருந்த கருவி.

உங்கள் மேலதிகாரியின் பயத்தையும் புரிந்துகொள்ளுங்கள், அது கோழைத்தனம் இல்லை. தனியார் கடையில் தப்பு நடந்தால் ஒரு வாடிக்கையாளர் போவார். நம் வேலையில் தப்பு நடந்தால் ஒரு முதியவரின் உதவித்தொகை நிற்கும், அப்புறம் அது தணிக்கையில் வரும், நாளிதழில் வரும், நாடாளுமன்றத்தில் கேள்வியாகக்கூட வரும், அப்போது பதில் எழுதப்போவது அவர்தான். ஆகவே யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரே கவுண்டர், இரண்டே வாரம், இந்த ஒரு எண்ணைத்தான் அளப்போம், சரிவரவில்லை என்றால் மறுநாள் காலையிலேயே பழையபடி திரும்பலாம் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். பெரிய பட்ஜெட்டும் கேட்காதீர்கள். இணையப் படிவம் செய்யும் ஃபார்ம்எஸ்ஜி கருவி நம் அதிகாரிகளுக்காகவே செய்யப்பட்டது, நிரலாக்கம் தெரியாதவரும் அதில் கொஞ்ச நேரத்தில் ஒரு படிவம் உருவாக்கிவிடலாம். அதை வைத்தே தொடங்கலாம்.

“விதி இடம் கொடுக்காது” என்று யாராவது சொன்னால் எந்த விதி, எந்தப் பத்தி என்று பணிவாகக் கேட்டுத் தேடிப் பாருங்கள். நான் தேடிய பல முறை அங்கே விதியே இல்லை, எப்போதோ யாரோ ஆரம்பித்த பழக்கம்தான் இருந்தது. விதி உண்மையிலேயே இருந்தால் மதியுங்கள், அதை மாற்றும் வழியையும் கேட்டு வையுங்கள்.

ஆறு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் கதவு திறக்கவில்லை என்றால் ராஜினாமாவுக்கு முன் வேறு அமைப்புக்கு மாற்றல் கேளுங்கள். 16 அமைச்சுகளும் சட்டப்படி அமைந்த 50க்கு மேற்பட்ட ஆணைபெற்ற கழகங்களும் இருக்கும் சேவை இது, எல்லா இடத்திலும் இதே மேலதிகாரி இல்லை.

கேள்வி: எனக்கு 57. கடிதம் எழுத இப்போது செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாளில் ஓய்வு, இதையெல்லாம் எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும்? (வாசகி, பிடோக்)

பதில்: கொஞ்ச நாள் என்று யார் சொன்னது, சகோதரி? 2026 ஜூலை முதல் ஓய்வு வயது 64, ஓய்வுக்குப் பின் மறுபடி வேலையில் வைத்துக்கொள்ளும் மறுவேலை வயது 69. விரும்பினால் இன்னும் பத்து வருஷத்துக்கு மேலும் நீங்கள் இருக்கலாம்.

பயப்பட வேண்டாம். போன வாரம் நீங்கள் கைப்பட எழுதிய ஒரு மறுப்புக் கடிதத்தை எடுங்கள். பெயர், அடையாள அட்டை எண், முகவரி எல்லாவற்றையும் நீக்குங்கள். அலுவலகம் அனுமதித்த கருவியில் அதைப் போட்டு, எளிய ஆங்கிலத்தில் பாதியாகச் சுருக்கித் தரச் சொல்லுங்கள். வந்ததை உங்களுடையதோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வாக்கியம் அங்கே நன்றாக இருக்கலாம். ஆனால் வீட்டுக் கடனில் தவிக்கும் ஒருவரிடம் முடியாது என்று சொல்லும்போது எந்த வார்த்தை குத்தும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அந்த வார்த்தையை அடித்துவிட்டு உங்களுடையதை எழுதுங்கள். பிறகு அந்த இரண்டு தாளையும் பக்கத்து மேசைத் தங்கச்சியிடம் காட்டுங்கள்.