காணியை விற்க முதல் ஒரு சொல்லு

தம்பி, அம்மாவின்ர கிளியோபிளாஸ்டோமா எண்ட மூளைப் புற்றுநோய்க்கு நாடி வழியா மருந்து ஏத்த உப்புவெளிக் காணியை வித்துப்போட்டு இந்தியா போகலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். அவசரப்படாதேங்கோ.

கவட்டு நாடியால மெல்லிய குழாயை மூளை நாடிவரைக்கும் ஏத்தி, மனிட்டோல் எண்ட கரைசலை விட்டு, இரத்தத்தில இருந்து மருந்துகள் மூளைக்குள்ள போகாமல் மறிக்கிற இரத்த–மூளைத் தடுப்பைக் கொஞ்ச நேரம் திறந்து, பிறகு மருந்து விடுறதுதான் இந்த முறை. யோசனை நல்லது, ஆனா இன்னும் ஆய்வு நிலையிலதான். பக்கவாதம், வலிப்பு வரலாம். முந்தி கார்முஸ்டின் எண்ட புற்றுநோய் மருந்தைக் கண் நாடி பிரியிறதுக்கு முன்னமே விட்டதால சிலருக்குப் பார்வையே போனது.

2005க்குப் பிறகு வழமை: சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, டெமோசோலோமைட் எண்ட புற்றுநோய்க் குளிசை. அம்மாவுக்கு அதெல்லாம் முடிஞ்சுதோ? நீங்கள் எழுதேல்ல.

ஆய்வு எண்டால் பதிவிலக்கம் இருக்கும், கேளுங்கோ. காசு மட்டும் பேசினா விட்டிடுங்கோ. அம்மாவை இரவு பஸ்ஸில அலைக்கழிக்காமல், எம்.ஆர்.ஐ. சீடி, பயொப்சி அறிக்கையோட முதல்ல நீங்கள் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கதையுங்கோ.