டெப்ட்டா, டெட்டா?

கடனைக் குறிக்கும் 'debt' என்ற ஆங்கிலச் சொல்லை நேர்முகத் தேர்வில் சொல்லிவிட்டு, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். 'டெட்' தான் சரி. இன்டர்நெட்டில் வரும் 'நெட்' மாதிரியே முடியும். நேர்முகத் தேர்வில் 'டெப்ட்' என்று வாயில் வந்ததற்கு அந்த எழுத்துக்கூட்டல்தான் காரணம், உங்கள் மேல் தப்பில்லை.

கடன் என்ற பொருளோடு இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் 'பி' (b) எழுத்தே கிடையாது. 'கொடுக்க வேண்டியது' என்ற பொருளுள்ள லத்தீன் 'டெபிடும்' தான் மூலம் என்று காட்டப் பிற்காலப் படிப்பாளிகள் அதை நடுவில் செருகினார்கள். எழுத்து ஏறியது, உச்சரிப்பு மாறவில்லை. 'டவுட்' (doubt) கதையும் இதேதான்.

தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள். கடைசி ஒலியில் அதிர்வு தெரிந்தால் 'செத்த' என்ற பொருள் தரும் வேறு சொல்லாகிவிடும் (dead).

ஆனால் டெபிட் கார்டில் 'பி'யை விழுங்கிவிடாதீர்கள். அதே லத்தீன் வேர்தான், அங்கே ஒலிக்கும்.