மாப்பிள்ளையின் கடனும் மகளின் பங்கும்

வாசகர் கேள்விகளுக்குக் காரைக்குடி வக்கீல் ஆச்சியின் பதில்கள்

கே: ஆச்சி, வணக்கம். வர்ஜீனியாவில் இருக்கும் என் மகள், அங்கே ஜனாதிபதி ஜெபர்சன் வாழ்ந்த வீட்டைப் பார்க்கப் போயிருந்தாள். அவர் தம் உயிலில் மகளுக்கு உள்ள சொத்தை மகள் கையில் கொடுக்காமல் வேறு மூன்று பேர் பொறுப்பில் விட்டாராம். பெற்ற மகளையே நம்பாத அப்பச்சியும் உண்டா?
— வாசகி, தேவகோட்டை

ப: மகளை நம்பாமல் இல்லை ஆச்சி. மாப்பிள்ளைக்குக் கடன் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்பார்களே என்ற பயம்.

அமெரிக்கா தனி நாடான பிறகும் அங்கே இங்கிலாந்துப் பழைய சட்டம்தான் ஓடியது. கல்யாணம் ஆகிவிட்டால் புருஷனும் பெண்டாட்டியும் சட்டத்துக்கு ஒரே ஆள். அந்த ஒரு ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் கொண்டுவந்த ரொக்கம், கட்டில், மாடு எல்லாம் அவனுடையது. நிலம் அவள் பேரில் இருக்கும், குத்தகை அவனுக்குப் போகும். அவன் நொடித்துப்போனால் அவள் அப்பச்சி கொடுத்ததும் சேர்ந்தே போகும்.

இது ஜெபர்சனுக்கு நன்றாகவே தெரியும். 1773இல் அவர் மாமனார் இறந்தபோது, மனைவி வழியாக 11,000 ஏக்கரும் 135 அடிமைகளும் அவர் கைக்கு வந்தன. மாமனாரின் கடனும் கூடவே வந்தது. (மனிதர்களை மாடு கன்றோடு சேர்த்து எண்ணிய கணக்கு அது. அங்கே பெண் சொத்தைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.)

அவருடைய மாப்பிள்ளை ராண்டால்ஃப் சாதாரண ஆள் இல்லை, வர்ஜீனியாவின் கவர்னராக இருந்தவர். ஆனால் கடனில் முங்கிவிட்டார். 1826 மார்ச்சில் எழுதிய உயிலில் ஜெபர்சன், 'நண்பரும் மருமகனுமான' என்று மரியாதையாகவே குறிப்பிட்டு, அவர் நொடித்துப்போன நிலையையும் மறைக்காமல் சொல்கிறார். அதனால் மகள் மார்த்தாவின் பங்குக்கு மூன்று டிரஸ்டிகள். மாப்பிள்ளை உயிரோடு இருக்கும் வரை சொத்து அவர்கள் பேரில், பலன் முழுக்க மகளுக்கு. நம் பத்திரங்களில் 'சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள' என்று எழுதுவோமே, அந்த மாதிரி ஒரு வாசகமும் உண்டு: 'அவளுடைய தனி உபயோகத்துக்கே'. சொத்து அவள் பேரில் இல்லாததால், 'உன் பெண்டாட்டி சொத்து என் கடனுக்கு' என்று யாரும் கை வைக்க முடியாது. நல்ல வக்கீல் வைத்து எழுத வசதி உள்ளவர்களுக்குத்தான் இந்த வழி, அது வேறு விஷயம்.

சரி, காப்பாற்றியதா? உயிலில் குறை இல்லை. ஆனால் அந்த ஜூலை 4இல் அவர் இறந்தபோது அவருடைய சொந்தக் கடனே ஒரு லட்சம் டாலருக்கு மேல். மாப்பிள்ளையின் கடனுக்குப் பூட்டிய கதவு அப்பச்சியின் கடனுக்குப் பூட்டாதே! 1827 ஜனவரியில் அடிமைகளையும் வீட்டுச் சாமான்களையும் ஏலம் விட்டார்கள். 1831இல் வீடும் போயிற்று.

கே: புருஷன் மிரட்டிக் கையெழுத்து வாங்கினால் என்ன செய்வார்கள்?
— கல்லூரி மாணவி, காரைக்குடி

ப: நல்ல கேள்வி அம்மா. மனைவியின் நிலத்தை விற்க அவள் சம்மதம் வேண்டும். பல மாநிலங்களில் நீதிபதியோ அதிகாரியோ புருஷனை வெளியே நிறுத்திவிட்டு அவளைத் தனியாகக் கேட்பார்: 'உன் மனசாரத்தான் சம்மதிக்கிறாயா?' அவள் ஆம் என்றால்தான் பத்திரம் செல்லும். சாயங்காலம் அவள் அதே வீட்டுக்குத்தானே திரும்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் அப்பத்தா ஞாபகம் வருகிறது. ஐயா பர்மாவுக்குக் கொண்டு விற்கப் போனவர். 1942இல் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். அப்புறம் ஊரில் வாங்கிய கடனுக்கு அமீனா ஜப்திக்கு வந்தபோது, அப்பத்தா தன் அறையைத் திறந்து, கல்யாணத்தில் எழுதிய சாமான் சிட்டையைக் கையில் கொடுத்தாராம். ஒவ்வொரு அண்டாவிலும் வெண்கலப் பானையிலும் அவர் பேரின் முதல் எழுத்து வெட்டியிருந்தது. அமீனா எழுத்தையும் சிட்டையையும் ஒத்துப் பார்த்து, ஒன்றைக்கூடத் தொடாமல் போய்விட்டார். ஆனால் வைரத் தோடு? அதை மறுவாரமே அப்பத்தா தானாகக் கழற்றி ஐயாவிடம் கொடுத்துவிட்டார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மனசாரத்தான் என்று சொல்லியிருப்பார்.

கே: அங்கே சட்டம் எப்போது மாறியது?
— வாசகர், பள்ளத்தூர்

ப: 1839இல் மிசிசிப்பி, 1848இல் நியூயார்க், பிறகு ஒவ்வொரு மாநிலமாக. மிசிசிப்பி சட்டத்தைப் பெண்ணுரிமை என்று ரொம்பக் கொண்டாட வேண்டாம். அதில் பெரும்பகுதி மனைவி பேரில் உள்ள அடிமைகளைப் பற்றியதுதான், அவர்களைப் புருஷனின் கடனுக்குப் பிடிக்கக்கூடாது என்பது உட்பட.

கே: என் வீட்டுக்காரர் வியாபாரம் செய்கிறார். கடன் வாங்கித்தான் ஓட்டுகிறார். எனக்கு இப்படி ஏதாவது வழி உண்டா ஆச்சி?
— வாசகி, கண்டனூர்

ப: உங்கள் சீதனமும் உங்கள் பேரில் உள்ள சொத்தும் உங்களுடையதுதான். அவர் கடன் பத்திரத்தில் நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை. அடுத்து, அவர் தம் பேரில் எடுக்கும் ஆயுள் இன்ஷூரன்ஸ். 1874ஆம் வருஷத்து மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் 6ஆவது பிரிவில், மனைவிக்காக என்று பாலிசியிலேயே எழுதி எடுத்தால் அது உங்களுக்கான டிரஸ்டு. கடன்காரர்களை ஏமாற்றவென்றே எடுத்ததாக இல்லாவிட்டால் அவர்கள் அதைத் தொட முடியாது. 1923 திருத்தத்துக்குப் பிறகு நமக்கும் இது செல்லும். வெறும் நாமினி என்று பேர் போட்டால் இந்தப் பலன் கிடைக்காது. பாலிசி எடுக்கும்போதே அந்தத் தனிப் படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்பச் சொல்லுங்கள். ஏஜென்ட் 'அதெல்லாம் எதுக்கு ஆச்சி' என்பார். பேனாவை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.