பாலாற்று ஊற்றும் இருநூற்றைம்பது ரூபாய் டிவிடியும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பராமரிப்பு நின்றுபோனது. பழைய கணினியைக் காயலான் கடைக்கு அனுப்ப மனம் வராதவர்கள் அன்று முதல் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். வேலூர் வட்டாரக் கடைகளில் ஓரம் கட்டப்பட்டிருந்த லினக்ஸ் டிவிடிகளுக்கும் மறுபடி கிராக்கி வந்திருக்கிறது. எனக்கு வந்த கடிதங்களில் பாதி இதைப் பற்றியவைதான்.

ஐயா, பழைய கணினிக்காக மின்ட் என்ற லினக்ஸ் வகையின் டிவிடி ஒன்றை 250 ரூபாய் கொடுத்து வாங்கினேன். "அது சும்மா கிடைப்பதுதானே பாட்டி, ஏமாந்துவிட்டீர்களே" என்று பேரன் சிரிக்கிறான். நான் ஏமாந்தேனா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, காட்பாடி

இல்லை அம்மா. பேரனை ஒரு கோடை நாளில் பாலாற்றுக்குக் கூட்டிப் போங்கள். மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும். அந்தத் தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை. எவரும் மொண்டு குடிக்கலாம். அதையே ஒருவர் குடத்தில் நிரப்பி, சைக்கிளில் கட்டி, உங்கள் வீட்டுவாசலில் இறக்கினால் கூலி கேட்பார். கொடுப்பதுதான் முறை. அவரே ஊற்றைச் சுற்றி வேலி போட்டுவிட்டு "இனி என்னிடம்தான் வாங்க வேண்டும்" என்றால் அது அநியாயம்.

இதில் புதுமை ஒன்றுமில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985-இல் ஈமாக்ஸ் என்ற தம்முடைய உரைத்திருத்தி நிரலை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை வெளியிட்டபோது, அதைக் கொடுப்பதற்குக் காசே வாங்கக்கூடாது என்று நிபந்தனை வைத்திருந்தார். பிளாப்பியில் நகலெடுத்துக் கொடுப்பவர் பிளாப்பி விலையைக் கேட்டாலும் அது மீறலாகிவிடும். மறு ஆண்டே அந்த நிபந்தனையைக் கைவிட்டு, எவரும் நகலெடுக்கலாம், விற்கலாம், ஆனால் வாங்குபவருக்கும் அதே உரிமையைத் தர வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறினார். இன்னொரு லினக்ஸ் வகையான டெபியனை உருவாக்கும் திட்டம் தன் வட்டுகளை விற்கும் வணிகர்களின் பட்டியலைத் தானே வெளியிடுகிறது.

ஆங்கிலத்தில் "ஃப்ரீ" என்ற ஒரே சொல் காசில்லாதது, கட்டுப்பாடில்லாதது என்ற இரண்டு பொருளையும் சுமப்பதால் அவர்களுக்கு இந்தக் குழப்பம். நம்மிடம் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. பேரன் படிப்பது ஆங்கிலவழிப் பள்ளியோ?

எங்கள் தட்டச்சுப் பயிலகத்தில் நான்கு கணினிகளுக்கு அதே மின்ட்டை ஏற்றித் தந்த கடைக்காரர், ரசீதில் "லினக்ஸ் லைசென்ஸ் 4 × 1,200" என்று எழுதியிருக்கிறார். இது சரியா?
— ஆற்காடு

சரியில்லை. லினக்ஸ் மின்ட்டுக்கு லைசென்ஸ் கட்டணம் என்று ஒன்று கிடையாது. "ஏற்றுகூலி 1,200" என்று எழுதியிருந்தால், கொஞ்சம் அதிகம் என்று முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பேன். இல்லாத கட்டணத்தை இருப்பதாக எழுதி 4,800 ரூபாய் வாங்குவது பொய்க்கணக்கு. நீங்கள் ஐந்தாவது கணினி வாங்கும்போது இன்னொரு 1,200 கேட்பார் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. அதே வட்டை நாற்பது கணினிகளில் ஏற்றினாலும் யாருக்கும் ஒரு காசு கடன் இல்லை. ரசீதைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் அதுதான் சாட்சி.

லிப்ரே ஆபீஸ், கிம்ப், விஎல்சி, ஃபயர்பாக்ஸ், இரண்டு இலவச வைரஸ் தடுப்பான்கள் எல்லாவற்றையும் ஒரே டிவிடியில் பதிந்து 150 ரூபாய்க்கு விற்கிறேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. இருந்தாலும் மனசாட்சி உறுத்துகிறது.
— கணினிக் கடைக்காரர், ஆம்பூர்

உறுத்த வேண்டிய இடங்கள் மூன்று. உங்கள் பட்டியலைக் கடையின் இரண்டு தனித்தனி அலமாரிகளாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்றும் கட்டற்றவை, தாராளமாக விற்கலாம். வைரஸ் தடுப்பான்கள் அப்படியல்ல. அவை வெறும் இலவசம். காசில்லாமல் பயன்படுத்த விட்டிருக்கிறார்களே தவிர, நகலெடுத்து விற்கும் உரிமையைப் பெரும்பாலும் கொடுத்திருக்க மாட்டார்கள். எழுத்தில் அனுமதி இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். வட்டில் பதிந்த வைரஸ் தடுப்பான் எப்படியும் பழைய சோறு; வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் காலாவதியாகிவிடும்.

ஃபயர்பாக்ஸ் உலாவியின் விஷயம் விசித்திரமானது. நிரல் கட்டற்றது, பெயரும் சின்னமும் அதை வெளியிடும் மொசில்லாவுடையவை. மாற்றாத ஃபயர்பாக்ஸை அந்தப் பெயரில் யாருக்கும் தரலாம், ஆனால் காசு வாங்கக்கூடாது என்பது மொசில்லாவின் வணிகச்சின்ன விதி. இந்தப் பெயர்ச் சிக்கலால்தான் டெபியன்காரர்கள் 2006 முதல் பத்தாண்டு காலம் அதே உலாவியை "ஐஸ்வீசல்" என்று வேறு பெயரிட்டு வழங்கினார்கள்.

மூன்றாவதுதான் கடைக்காரர்கள் பெரும்பாலோர் கோட்டை விடுவது: மூலநிரல், அதாவது நிரலை எழுதியவர்கள் எழுதிய வடிவம். விஎல்சி, கிம்ப் போன்ற ஜிபிஎல் நிரல்களை விற்கும்போது மூலநிரலையும் சேர்த்துத் தர வேண்டும்; அல்லது, "கேட்டால் தருகிறேன், நகலெடுக்கும் செலவு மட்டும் போதும்" என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். அந்த உறுதி குறைந்தது மூன்று ஆண்டுகள் செல்ல வேண்டும். "இணையத்தில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மூலத்தை உருவாக்கியவர்கள் பக்கம் கையைக் காட்டும் சலுகை வட்டை விற்பவருக்குக் கிடையாது. தான் பெற்ற எழுத்து உறுதியை அப்படியே கைமாற்றிவிடும் தளர்வும், நண்பருக்குச் சும்மா நகலெடுத்துக் கொடுப்பவருக்குத்தான்.

பயப்படாதீர்கள். நீங்கள் விற்கும் அதே பதிப்புகளின் மூலநிரலைத் தரவிறக்கி ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு வையுங்கள். உறையின் பின்பக்கம் தமிழில் இரண்டு வரி அச்சடியுங்கள். ஆம்பூரில் மூலநிரல் கேட்டு யாரும் வரப்போவதில்லை என்று நீங்கள் நினைக்கலாம். வாணியம்பாடியில் பொறியியல் படிக்கும் ஒரு பெண் வருவாள். வந்தால் அவளுக்குக் கொடுக்க இருக்க வேண்டும்.

150 ரூபாய்க்கு வாங்கிய லினக்ஸ் வட்டின் உறையில் "நகலெடுப்பது சட்டப்படி குற்றம்" என்று போட்டிருக்கிறது. விடுதி நண்பர்களுக்கு நகலெடுத்துத் தரலாமா?
— கல்லூரி மாணவர், குடியாத்தம்

தரலாம். அந்த வாசகம்தான் உரிமத்தை மீறுகிறது. தான் பெற்ற உரிமையைத் தன்னிடம் வாங்குபவருக்கு மறுக்கக்கூடாது என்பது ஜிபிஎல்-லின் உயிர்நாடி. கடைக்காரர் சொந்தமாக எழுதிய கையேடு, உறைப்படம் ஏதாவது இருந்தால் அவற்றை மட்டும் நகலெடுக்காதீர்கள்.

"500 தமிழ் எழுத்துருக்கள்" என்று ஒரு சிடி 300 ரூபாய்க்கு வருகிறது. கல்யாணப் பத்திரிகை, பேனர் வேலைக்கு வாங்கலாமா?
— டிடிபி மையம், வாணியம்பாடி

இப்படி ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரே எழுத்துரு நான்கு பெயர்களில் இருந்தது. முக்கால்வாசி பழைய குறியாக்க முறையில் அமைந்தவை; ஒன்றில் அடித்ததை இன்னொன்றுக்கு மாற்றினால் "மணமகன்" என்பது கட்டம் கட்டமாகத் தெரியும். டாங்கிள் என்ற சிறு சாவிக்கருவியைச் செருகினால்தான் ஓடும் விலைமதிப்புள்ள மென்பொருள்களிலிருந்து உருவி எடுத்த எழுத்துருக்களும் கிடந்தன. அது திருட்டு, வேறு பேச்சில்லை.

கட்டற்ற எழுத்துருக்களிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரான், மீரா இனிமை போன்றவை ஓஎஃப்எல் என்ற உரிமத்தில் வருகின்றன. அதன்படி எழுத்துருவைத் தனியாக விற்கக்கூடாது. வேறொரு மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். ஆகவே கட்டற்ற எழுத்துருக்களை மட்டும் திரட்டி விற்றாலும் அந்த 300 ரூபாய் சிடி தேறாது.

உங்கள் தொழிலுக்கு இதனால் குந்தகம் இல்லை. அந்த எழுத்துருவால் அச்சடித்த பத்திரிகைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். எந்த எழுத்துருவுக்கு மாற்றினாலும் எழுத்து சிதையாத யூனிகோடு முறையில் நல்ல எழுத்துருக்கள் பதினைந்து இருந்தால் ஒரு முகூர்த்தப் பருவத்தையே ஓட்டிவிடலாம். ஆடி மாதத்தில் வேலை குறைந்திருக்கும்போது உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள்.

கடையில் வாங்கிய வட்டு பாதியில் நின்றுவிட்டது. "லினக்ஸுக்கு உத்தரவாதம் கிடையாது என்று உரிமத்திலேயே இருக்கிறது" என்கிறார் கடைக்காரர்.
— தோல் தொழிற்சாலை அலுவலகம், ராணிப்பேட்டை

கெட்டிக்காரர். உரிமத்தில் உத்தரவாதம் இல்லை என்பது நிரலை எழுதியவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளச் சொன்னது. கீறல் விழுந்த வட்டு கடைக்காரர் விற்ற பொருள். மாற்றித் தருவது அவர் கடமை. எனக்கும் ஒருமுறை 63 சதவீதத்தில் நின்றது. வட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். விளிம்பில் பென்சில் கோடு போல ஒரு கீறல். புதிய வட்டு கிடைக்க மூன்று நடை நடந்தேன்.

கீறலைவிட மோசமானது உள்ளே மாற்றிவைக்கப்பட்ட கோப்பு. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் சொந்தத் தளத்திலேயே புகுந்து, கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய பின்வாசல் வைத்த பிரதியைத் தரவிறக்கும்படி திருப்பிவிட்டார்கள். எனவே கோப்பு துளி மாறினாலும் தானும் மாறிவிடும் அந்த 64 எழுத்துச் சரிபார்ப்பு எண்ணைக் கடைக்காரர் சோதித்தாரா என்று கேளுங்கள். அவர் விழித்தால் வேறு கடையைப் பாருங்கள்.

நான் லினக்ஸ் ஏற்ற 300 வாங்குகிறேன். எதிர்க்கடையில் பூட்டு உடைத்த விண்டோஸ் 100 ரூபாய். கூட்டம் அங்கேதான். நேர்மையாக எப்படிப் பிழைப்பது?
— திருவண்ணாமலை

அந்த நூறு ரூபாய்ச் சரக்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி குற்றம். திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவருக்கும் 63பி பிரிவில் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அலுவலகம் வைத்திருப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள், வீட்டுக்காரர்களிடம் எடுபடாது.

விலையில் போட்டி போடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். ஏற்றி முடித்ததும் வாடிக்கையாளரை அரை மணி நேரம் பக்கத்தில் உட்காரவையுங்கள். தமிழ்99 விசைப்பலகையை அமைத்து, அவர் பெயரை அவர் கையாலேயே அடிக்கவிடுங்கள். பிரின்டரை இணைத்து ஒரு பக்கம் எடுத்துக் காட்டுங்கள். ரசீதில் "ஏற்றுகூலியும் பயிற்சியும் 300" என்று எழுதுங்கள். வட்டை உறையில் போட்டு அவரிடமே கொடுத்து, "பக்கத்து வீட்டுக்காரருக்கும் நகலெடுத்துக் கொடுங்கள்" என்று சொல்லியனுப்புங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு பிரின்டர் வேலை செய்யாதபோது உங்களிடம்தான் வருவார்.